சாஃப்ட் கோரல் வாங்கும் முன் தண்ணீர்: திருநெல்வேலி வீட்டுக்கு ஒரு செய்முறை

பவளத் தொட்டிக்குக் கடல்நீர் கரைக்கும் முதல் உப்புப் பொட்டலம் வீட்டுக்கு வந்த அன்று ஆச்சி விலையைக் கேட்டாள். கேட்டுவிட்டு, "ஏலே, இந்தா இருக்கு தூத்துக்குடி, மூடை மூடையா உப்பு கெடக்கு. நீ என்னடான்னா பொட்டலத்துல கடல வாங்குதியே" என்றாள். அன்றைக்கு நான் சொன்ன பதில் அவளுக்குப் புரியவில்லை, எனக்கே அப்போது பாதிதான் புரிந்திருந்தது. இப்போது புரிந்ததை எழுதுகிறேன், ஏனென்றால் நம் ஊரில் உப்புத்தண்ணீர்த் தொட்டி வைக்கிறவர்களில் பலர் விளக்குக்கும், நுரையோடு கழிவைப் பிரிக்கும் ஸ்கிம்மருக்கும் காசைக் கொட்டிவிட்டு, அதில் ஊற்றும் தண்ணீரைக் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றுகிறார்கள்.

நான் சொல்லப்போவதெல்லாம் சாஃப்ட் கோரல், அதாவது கல் எலும்பு கட்டாத மென்பவளங்களுக்கு. மஷ்ரூம், லெதர், டோட்ஸ்டூல், கென்யா ட்ரீ, ஜீனியா, கிரீன் ஸ்டார் பாலிப் வகையறா. இவற்றோடு கடையில் சேர்த்து விற்கும் ஜோவாந்தஸையும் வைத்துக்கொள்ளலாம், அதுவும் மஷ்ரூமும் உண்மையில் வேறு குடும்பங்கள் என்றாலும் தண்ணீர்த் தேவை கிட்டத்தட்ட ஒன்றுதான். இவை கல் பவளம் போல நாளுக்கு நாள் கால்சியத்தை உறிஞ்சுவதில்லை. அதனால் வரிசையாக அடுக்கி வைத்து விற்கும் பாட்டில்களில் முக்கால்வாசி உங்களுக்குத் தேவைப்படாது. நம் ஊரில் தேவைப்படுவது மூன்று: தொடக்கத் தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும், உப்பு ஒரே அளவில் நிற்க வேண்டும், மே மாதத்தில் தொட்டி வேகாமல் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

கணக்குக்கு என் தொட்டியையே எடுத்துக்கொள்கிறேன். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். வெறும் தொட்டியாக 180 லிட்டர் வரும், மணலும் பாறையும் போட்டு மேலே கொஞ்சம் இடம் விட்டால் 150 லிட்டர் தண்ணீர். நீங்கள் எந்த மருந்து, எந்தப் பொடி போட்டாலும் இந்த இரண்டாவது எண்ணுக்குத்தான் கணக்குப் போட வேண்டும்.

முதலில் தொடக்கத் தண்ணீர். அல்வா ருசிக்குத் தாமிரபரணித் தண்ணீர்தான் காரணம் என்று நாம் எல்லாரும் சொல்லிக்கொள்கிறோம், சொல்லிக்கொள்ளலாம். ஆனால் குழாயில் வருவதில் குளோரின் இருக்கும், மழைக்காலத்தில் கலங்கலும் வரும், பாஸ்பேட்டும் சிலிக்கேட்டும் எவ்வளவு என்று யாரும் உங்களுக்கு அளந்து சொல்லப்போவதில்லை. போர் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், என் வீட்டு போரில், கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டீடீஎஸ் மீட்டர் 1,100 காட்டியது. ஆர்.ஓ. சவ்வு நன்றாக இருந்தால் கரைந்திருப்பதில் 95 முதல் 98 சதவீதம் வரை பிடித்துவிடும், அப்படியும் 1,100-இல் 22 முதல் 55 வரை மிச்சம் நிற்கும். குடிக்க அது போதும். பவளத்துக்கு அதையும் எடுக்க வேண்டும், அதற்குத்தான் ஆர்.ஓ.வுக்குப் பின்னால் ஒரு டி.ஐ. ரெசின் குழாய். அதைத் தாண்டி வரும் டி.ஐ. தண்ணீரில் மீட்டர் 0 காட்ட வேண்டும். 1, 2 என்று ஏற ஆரம்பித்த உடனே ரெசினை மாற்றிவிடுங்கள், ரெசின் களைக்கும்போது முதலில் நழுவுகிறவற்றில் சிலிக்கேட்டும் ஒன்று, அதுதான் கண்ணாடியில் பழுப்புப் பாசிக்குத் தீனி.

வீட்டில் ஏற்கெனவே குடிக்கிற ஆர்.ஓ. மாட்டியிருந்தால் அதையே பயன்படுத்தலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். பயன்படுத்தலாம், ஆனால் சவ்வைத் தாண்டியதும் வரும் குழாயிலிருந்து பிடிக்க வேண்டும். குடிநீர் இயந்திரங்களில் சவ்வுக்கு அப்புறம் ருசிக்காக மினரல் கேட்ரிட்ஜ் வைத்திருப்பார்கள், டீடீஎஸ் கூட்டுவதற்கென்று ஒரு திருகும் இருக்கும், அது சவ்வைத் தாண்டாத பச்சைத் தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும். இதைவிட ஆபத்து, இப்போது வீட்டுக்கு வீடு மாட்டும் 'காப்பர்' வகை. செம்பு நமக்கு நல்லதோ என்னவோ, முதுகெலும்பில்லாத கடல் உயிர்களுக்கு அது நஞ்சு. மிகக் கொஞ்சம் போதும், நத்தையும் இறாலும் முதலில் போகும், பவளம் அப்புறம் போகும். ஆற்றின் பெயரிலேயே தாமிரம் இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்வது வேடிக்கைதான். பூஜை அறைச் செம்பை எடுத்துத் தொட்டிக்குத் தண்ணீர் மொண்டு ஊற்றாதீர்கள், மீனுக்குச் செம்பு மருந்து போட்ட பழைய தொட்டியையோ பாறையையோ மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்காதீர்கள். பிளாஸ்டிக் வாளி, பிளாஸ்டிக் குவளை, இரண்டும் புதிதாக, சோப்பு படாததாக.

இப்போது ஆச்சியின் கேள்விக்கு வருவோம். தூத்துக்குடி உப்பளத்து உப்பும் கடலில் இருந்துதானே வருகிறது, அதைக் கரைத்தால் கடல் ஆகாதா? ஆகாது. பாத்தியில் கடல்நீர் வெயிலில் காயும்போது எல்லாம் ஒன்றாகப் படிவதில்லை. முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் அடியில் இறங்கிவிடும், அதோடு கால்சியத்தில் பெரும்பகுதி போய்விடும். அதற்கு அப்புறம்தான் சோற்றுப்பு, அதாவது சோடியம் குளோரைடு, பூக்கிறது. அதை வாரியபின் மிச்சமாகும் கசப்பு நீரில் மக்னீசியமும் பொட்டாசியமும் புரோமைடும் தங்கிவிடும். உப்பளத்துக்காரர் வேண்டுமென்றேதான் இப்படிப் பிரிக்கிறார், இல்லையென்றால் உப்பு கசக்கும். நமக்கு அந்தக் கசப்பும் வேண்டும். கடல்நீர் ஒரு கிலோவில் குளோரைடும் சோடியமும் சேர்ந்து 30 கிராம் என்றால், மக்னீசியம் ஏறக்குறைய 1,290 மி.கி., கால்சியம் 410, பொட்டாசியம் 400, கூடவே சல்பேட், போரான், ஸ்ட்ரான்சியம் என்று ஒரு பட்டாளமே இருக்கிறது. பொட்டலத்தில் நாம் வாங்குவது இந்த விகிதத்தைத்தான். ஆச்சியிடம் இதைச் சொன்னபோது, "அப்போ சோத்துக்குப் போடுதது கழிச்சுக் கட்டுன உப்பு, மீனுக்குப் போடுதது முழு உப்பா?" என்றாள். ஆமாம் ஆச்சி, அதேதான்.

சரி, நேரே கடலுக்குப் போய்க் கேனில் பிடித்து வந்தால் என்ன? செய்கிறவர்கள் இருக்கிறார்கள், நானும் செய்திருக்கிறேன். படகுக்காரர் யாராவது தெரிந்தவராக இருந்து, கரையை விட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே போய், இஞ்சின் எண்ணெய் படாமல் மொண்டு தந்தால் அருமையான தண்ணீர். கரையோரம் காலை நனைத்துக்கொண்டு பிடிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. புன்னைக்காயல் பக்கம் ஆறு கடலில் விழுகிறது, துறைமுகத்துப் பக்கம் கப்பல் கழிவு, வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் அக்டோபர் முதல் பொங்கல் வரை கரை நீரின் உப்பு குறைந்து செம்மண்ணும் வயல் உரமும் சேர்ந்து வரும். 2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் புகுந்த அந்த வாரத்துக்குப் பிறகு கடலோரத் தண்ணீர் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வாரா வாரம் 15 லிட்டருக்காகத் திருச்செந்தூருக்கு 55 கிலோமீட்டருக்கு மேல் போய் வருவதும் நடக்கிற காரியம் இல்லை, முருகனைப் பார்க்கப் போகிற சாக்கில் ஒருமுறை இரண்டுமுறை நடக்கும், அவ்வளவுதான். நான் பொட்டலத்துக்கே திரும்பிவிட்டேன்.

கடற்கரை பற்றிப் பேசும்போது இன்னொன்று. மணலையும் பாறையையும் அங்கிருந்து அள்ளி வராதீர்கள். நம் கரை மணலில் இல்மனைட், கார்னெட் என்ற தாதுக்கள் கலந்து கிடக்கின்றன, காந்தத்தைக் காட்டினால் கறுப்பாக ஒட்டிக்கொண்டு வரும், அது தொட்டிக்கு ஆகாது. பாறை விஷயம் சட்டத்திலும் போய் முட்டும். கல் பவளங்கள் எல்லாமும், கடல் விசிறியும், கறுப்புப் பவளமும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு, உயிரோடு இருந்தாலும் செத்துக் கரையொதுங்கியிருந்தாலும் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவுக்குள் எதையுமே எடுக்கக் கூடாது. சுண்ணாம்புக்காகப் பவளப் பாறையை வெட்டி வெட்டியே அங்கே இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன, 21 தீவு என்று நாம் சொல்வது பழைய கணக்கு. ஆகவே சுட்ட மண்ணிலோ சிமென்டிலோ தொட்டிக்கென்றே செய்து விற்கும் செயற்கைப் பாறை, பொட்டலத்தில் வரும் அரகோனைட் என்ற சுண்ணாம்பு மணல், பவளம் என்றால் ஏற்கெனவே தொட்டியில் வளர்த்து நறுக்கிக் கொடுக்கும் ஆட்களிடம் வாங்கிய துண்டு. கடலில் இருந்து நேற்றுப் பிடுங்கியது என்று சந்தேகம் வந்தால் விட்டுவிடுங்கள்.

உப்புக் கரைப்பது. பெரிய பிளாஸ்டிக் டிரம் அல்லது வாளி, அதில் டி.ஐ. தண்ணீர், ஒரு சின்ன பவர்ஹெட், அதாவது தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் மோட்டார், ஓடிக்கொண்டிருக்கட்டும். தண்ணீரில்தான் உப்பைப் போட வேண்டும், உப்பின்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. அடியில் கெட்டியாக இருக்கும் இடத்தில் கால்சியமும் கார்பனேட்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வெள்ளைத் தூளாக உறைந்துவிடும், அப்புறம் எவ்வளவு கலக்கினாலும் கரையாது. 20 லிட்டருக்கு 700 கிராமில் ஆரம்பியுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, அளந்து பார்த்து, குறைந்தால் சேருங்கள். பெரும்பாலான உப்புக்குக் கடைசியில் லிட்டருக்கு 36 முதல் 39 கிராம் வரை வரும். கப்பால் அளக்காதீர்கள், நம் ஊர் ஐப்பசி ஈரத்தில் பொட்டலம் தண்ணீர் கோத்துக்கொள்ளும், தராசு வையுங்கள், பொட்டலத்தை இறுக்கிக் கட்டுங்கள். கண்ணாடி போலத் தெளிந்தபின் அளவு பாருங்கள். சில உப்பு இரண்டு மணி நேரத்தில் தயார், சிலது ஒரு ராத்திரி கேட்கும், பையில் எழுதியிருப்பதைப் படியுங்கள். புதுத் தொட்டி, உள்ளே உயிர் எதுவும் இல்லை என்றால் முதல்முறை மட்டும் தொட்டியிலேயே கலக்கலாம், மணல் போடுவதற்கு முன்னால். அதற்கு அப்புறம் ஒருநாளும் தொட்டியில் நேரடியாக உப்புப் போடக் கூடாது.

உப்பை அளப்பதற்கு ரிஃப்ராக்டோமீட்டர், ஒளி எவ்வளவு வளைகிறது என்பதை வைத்து அளக்கும் கருவி. முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் ஒரு குமிழி ஒட்டினால் போதும், கணக்கு தப்பும். குறி 35 பிபிடி, அதாவது ஆயிரத்தில் 35 பங்கு உப்பு, 25 டிகிரி வெப்பத்தில் அடர்த்தி எண்ணாகச் சொன்னால் 1.026-க்கு ஒட்டி. ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் டி.ஐ. தண்ணீரில் 0 காட்ட வைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்துத்தான் நான் ஏமாந்தேன். 0-இல் சரியாக இருக்கும், 35-இல் இரண்டு தள்ளி இருக்கும். 35-க்கென்றே விற்கும் சரிபார்ப்புத் திரவம் வாங்குங்கள், இல்லையென்றால் வீட்டிலேயே செய்யலாம்: 963.5 கிராம் டி.ஐ. தண்ணீரில் 36.5 கிராம் சுத்தமான சாப்பாட்டு உப்பு. இந்தக் கரைசல் ஒளியை வளைக்கும் அளவு 35 பிபிடி கடல்நீருக்குச் சமம், அதனால் இதை வைத்து மீட்டர் 35 காட்டுமாறு திருகைத் திருப்பிவிடலாம். ஆச்சியின் சமையலறை உப்புக்கு இந்த ஒரு வேலை இருக்கிறது.

தண்ணீர் நின்றதும் பவளம் வாங்க ஓட வேண்டாம். அது இன்னும் உயிரில்லாத உப்புக்கரைசல்தான். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா பாறையிலும் மணலிலும் குடியேற வேண்டும், நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். பாவம் ஒரு மீனைப் போட்டு அதன் செவுளை வேகவைத்து இதைச் செய்ய வேண்டியதில்லை. அம்மோனியம் குளோரைடு போதும். அது வேறொன்றும் இல்லை, பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் தேய்க்கும் நவச்சாரம்தான். ஆனால் நாட்டு மருந்துக் கடை நவச்சாரத்தில் வேறு என்னென்ன கலந்திருக்குமோ, ஆய்வகத் தரத்தில் ஒரு சின்ன டப்பா கெமிக்கல் கடையில் கேட்டு வாங்குங்கள். என் 150 லிட்டருக்கு 1 கிராமுக்கு ஒரு பொட்டுக் குறைவாகப் போட்டால் அம்மோனியா லிட்டருக்கு 2 மி.கி. வரும், அது போதும், கூட்டினால் வேகமாகாது, பாக்டீரியாவே திணறும். பவர்ஹெட் ஓடட்டும், விளக்கு வேண்டாம், வெளிச்சம் இருந்தால் பாசிக்குத்தான் விருந்து. பாட்டிலில் பாக்டீரியா கிடைத்தால் ஊற்றலாம், ஒரு வாரம் இரண்டு வாரம் மிச்சமாகும்.

அம்மோனியா 0-க்கு இறங்கியதும் மறுபடி அதே அளவு போடுங்கள். 24 மணி நேரத்துக்குள் அது முழுக்க மறைந்தால் தொட்டி தயார். நைட்ரைட்டைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் நன்னீர்த் தொட்டியில் இருந்து வந்தவர்கள், உப்புத்தண்ணீரில் குளோரைடு நிறைய இருப்பதால் நைட்ரைட் மீனுக்கு அவ்வளவாகத் தீங்கு செய்யாது. அதில் வேறொரு தொல்லைதான் உண்டு: நைட்ரைட் இருக்கும்வரை நைட்ரேட் அளக்கும் கிட் பொய்யாகக் கூட்டிக் காட்டும். ஆகவே நைட்ரைட் போனபின் நைட்ரேட்டை அளந்து, லிட்டருக்கு 30, 40 மி.கி. என்று இருந்தால் பாதித் தண்ணீரை மாற்றுங்கள், பாதியாகிவிடும்.

இப்போது எல்லாரும் கேட்கும் எண்கள். மூன்றுதான், கேஎச், கால்சியம், மக்னீசியம். கேஎச் என்பது தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட், கார்பனேட் அளவு, பி.எச். கீழே விழாமல் தாங்கிப் பிடிப்பது அதுதான். கடலில் அது 7 டிகிரிக்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும், தொட்டியில் 8 முதல் 9 வரை வைத்தால் சௌகரியம். லிட்டருக்கு மி.கி. கணக்கில் கால்சியம் 400 முதல் 440, மக்னீசியம் 1,250 முதல் 1,350. நல்ல உப்பைச் சரியாகக் கரைத்தால் மூன்றும் தானாகவே இந்த இடத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். பையில் கேஎச் 11, 12 என்று பெருமையாக அச்சடித்திருக்கும் வகை கல் பவளம் நிறைய வளர்க்கிறவர்களுக்கு, நீங்கள் சாதாரணமானதை வாங்குங்கள்.

குறைந்திருந்தால் வரிசை முக்கியம்: முதலில் மக்னீசியம், அடுத்து கேஎச், கடைசியில் கால்சியம். மக்னீசியம்தான் மற்ற இரண்டும் ஒன்றோடொன்று கூடிச் சுண்ணாம்பாக உறையாமல் நடுவில் நின்று தடுக்கிறது, அது குறைவாக இருக்கும்போது மற்றதை எவ்வளவு கொட்டினாலும் பவர்ஹெட்டின்மேல் வெள்ளையாகப் படியும். 100 லிட்டருக்குக் கேஎச் ஒரு டிகிரி கூட்ட 3 கிராம் ஆப்ப சோடா போதும். ஆப்ப சோடாதான், பேக்கிங் பவுடர் இல்லை, அதில் அமிலப் பொடியும் மாவும் கலந்திருக்கும், கடைக்காரரிடம் அழுத்திச் சொல்லுங்கள். 100 லிட்டர் தண்ணீரில் கால்சியத்தை லிட்டருக்கு 10 மி.கி. கூட்ட 3.7 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட், மக்னீசியத்தை லிட்டருக்கு 10 மி.கி. கூட்ட 8.4 கிராம் மக்னீசியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட். எல்லாவற்றையும் தனித்தனியே டி.ஐ. தண்ணீரில் கரைத்து, ஓட்டம் வேகமாக இருக்கும் இடத்தில் மெல்ல ஊற்றுங்கள், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே சில மணி நேரம் விடுங்கள், கேஎச்சை ஒரு நாளில் ஒரு டிகிரிக்கு மேல் நகர்த்தாதீர்கள். சாஃப்ட் கோரல் மட்டும் இருக்கும் தொட்டிக்கு வாரம் பத்து சதவீதத் தண்ணீர் மாற்றினாலே இதெல்லாம் தானாக ஈடாகிவிடும், நான் இந்தப் பொடிகளை எடுத்து எத்தனையோ மாதமாகிறது. அயோடின் பாட்டிலையும் விட்டுவிடுங்கள். கடலில் அது லிட்டருக்கு 0.06 மி.கி. மட்டும்தான், அளக்காமல் சொட்டு விடுவது இருட்டில் கல்லெறிவது.

பி.எச். 7.9 முதல் 8.4 வரை எங்கே இருந்தாலும் பரவாயில்லை. ராத்திரி குறையும், பகலில் ஏறும். ஏசி போட்டு ஜன்னலை அடைத்துக்கொண்டு நாலு பேர் படுக்கும் அறையில் தொட்டி இருந்தால் நாம் விடும் மூச்சே அதைக் கீழே இறக்கும், அதற்குப் பொடி வாங்காதீர்கள், ஜன்னலைத் திறங்கள். ஜன்னலைத் திறந்தால் கொசு வரும், அப்போது கொசுவிரட்டித் திரவத்தையோ ஸ்ப்ரேயையோ அந்த அறையில் வைத்தீர்களோ தொலைந்தது, இறாலும் நண்டும் பூச்சி இனத்துக்குச் சொந்தக்காரர்கள், பூச்சிமருந்து அவர்களையும் கொல்லும். கொசு வலை, கொசு பேட், இந்த இரண்டுதான்.

நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் சுத்தமாக 0-க்குக் கொண்டுபோவதைச் சிலர் சாதனையாக நினைக்கிறார்கள். மென்பவளம் கொஞ்சம் அழுக்குத் தண்ணீரில்தான் கொழிக்கும். லிட்டருக்கு மி.கி. கணக்கில் நைட்ரேட் 5 முதல் 15, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 என்று வையுங்கள். இரண்டும் 0 என்றால் பவளம் வெளிறும், அந்த வெற்றிடத்தில் சளி போல இழையும் டைனோஃபிளாஜலேட் வந்து உட்காரும், அதை விரட்டுவதற்குள் தாவு தீர்ந்துவிடும். புதுத் தொட்டியில் முதலில் பழுப்புப் பாசியும் பிறகு பச்சை மயிர்ப் பாசியும் வந்தே தீரும். நத்தைகளை விட்டுவிட்டு, கையால் பிடுங்கிப் போட்டுவிட்டுக் காத்திருங்கள்.

இனி வெயில். தொட்டி 25 முதல் 27 டிகிரியில் இருக்க வேண்டும், 30-ஐத் தாண்டி நாள் கணக்கில் நின்றால் பவளம் தன் உள்ளே வாழும் பாசியைத் துப்பிவிட்டு வெளுத்துப்போகும். அக்னி நட்சத்திரத்தில் என் தொட்டி 31 காட்டியது. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்க வசதி இருந்தால் வாங்கிவிடுங்கள், யோசிக்கவே வேண்டாம். இல்லையென்றால் தண்ணீர்ப் பரப்பின்மேல் சின்ன மின்விசிறி இரண்டு, மூடியைக் கழற்றிவிட்டு. நம் ஊர்க் கோடை வறட்டுக் கோடை, சென்னையைப் போல வியர்த்து ஒழுகாது, அதனால் தண்ணீர் ஆவியாகும் வேகம் அதிகம், இரண்டு மூன்று டிகிரி தாராளமாக இறங்கும். ஆடிக் காற்று அடிக்கும்போது விசிறியே தேவைப்படாத நாள்கூட உண்டு.

ஆனால் அந்தக் குளிர்ச்சிக்கு விலை இருக்கிறது, நான் அதைக் கொடுத்தும் இருக்கிறேன். விசிறி போட்டால் என் தொட்டியில் நாளைக்கு 4 லிட்டர் ஆவியாகும். போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும். முதல் வருஷம் மே மாதம் நான் ஊருக்குப் போகும்போது வீட்டில், "குறைஞ்ச அளவுக்கு அந்த டிரம்மில இருக்கிற தண்ணிய ஊத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போனேன். டிரம்மில் இருந்தது உப்புத்தண்ணீர். சொன்னதைச் சொன்னபடியே செய்தார்கள், தப்பு என்னுடையது. நாளைக்கு 4 லிட்டர் என்றால் 140 கிராம் உப்பு, ஒரு வாரத்தில் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, 150 லிட்டரில் அது ஆறரை பிபிடி. நான் திரும்பியபோது 41-க்கு மேல் காட்டியது. டோட்ஸ்டூல் குடையைச் சுருக்கிக் கட்டையாக நின்றது, ஜீனியா கரைந்தே போய்விட்டது. அவசரத்தில் நல்ல தண்ணீரை ஊற்றி ஒரே நாளில் இறக்கியிருந்தால் மிச்சமும் போயிருக்கும், நாலு நாள் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன்.

அதனால், கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு. தண்ணீர் அந்தக் கோட்டுக்குக் கீழே போனால் டி.ஐ. தண்ணீர் மட்டும், காலையும் மாலையும். இரண்டு டிரம்மிலும் பெரிய எழுத்தில் 'உப்பு', 'நல்லது' என்று எழுதி ஒட்டுங்கள். மிதவை வைத்துத் தானாக ஊற்றும் கருவி இன்னும் நல்லது, ஆனால் அதன் தொட்டியை 10 லிட்டருக்கு மேல் வைக்காதீர்கள். மிதவை மாட்டிக்கொண்டு மொத்தமும் உள்ளே போனாலும் 150 லிட்டரில் 35 என்பது 33-க்குப் பக்கத்தில்தான் இறங்கும், பிழைத்துக்கொள்ளும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடைக்குப் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்று, குறைந்தது ஒன்று, வீட்டில் இருக்கட்டும்.

எண்களெல்லாம் இரண்டு மூன்று வாரம் ஒரே இடத்தில் நின்றபின் முதல் பவளம். மஷ்ரூம் ஒன்று போதும், மலிவு, எதையும் தாங்கும், அது விரிந்தால் அப்புறம் லெதர். லெதர் வகை தன் அக்கம்பக்கத்தை ஒடுக்கத் தண்ணீரில் ரசாயனம் கசியவிடும் ஆள், அதனால் ஒரு சின்ன வலைப்பையில் ஆக்டிவேட்டட் கார்பன் ஒரு கைப்பிடி போட்டு மாதம் ஒருமுறை மாற்றுங்கள், போடுவதற்கு முன் டி.ஐ. தண்ணீரில் கறுப்பு போகும்வரை அலசுங்கள். ஜோவாந்தஸ் தொடும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், சில வகைகளில் பேலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது, அது ஒட்டியிருக்கும் பாறையைச் சுத்தம் செய்கிறேன் என்று வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைத்தால் அந்த ஆவியே வீட்டில் உள்ள எல்லாரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும்.

பை வந்ததும் அந்தத் தண்ணீரின் உப்பை அளந்து பாருங்கள், கடைகளில் சிக்கனத்துக்காக 30-இல் வைத்திருப்பார்கள். பவளத்தை ஒரு கிண்ணத்தில் வைத்து, காற்றுக் குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரை நொடிக்கு இரண்டு மூன்று சொட்டாக முக்கால் மணி நேரம் விடுங்கள். கிண்ணத்துத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாமல் பவளத்தை மட்டும் எடுத்துக் கீழே, வெளிச்சம் குறைந்த இடத்தில் வையுங்கள். லெதர் என்றால் இரண்டு நாளோ பத்து நாளோ விரல் போல நீளும் பாலிப்புகளை உள்ளே இழுத்துக்கொண்டு, மெழுகு பூசியதுபோலப் பளபளத்துக்கொண்டு நிற்கும். செத்துவிட்டது என்று நினைத்து இடம் மாற்றாதீர்கள், மருந்து ஊற்றாதீர்கள். உப்பையும் கேஎச்சையும் அளந்து நோட்டில் எழுதுங்கள், இரண்டும் நகரவில்லை என்றால் பவர்ஹெட்டின் ஓட்டத்தைக் கொஞ்சம் அதன் பக்கம் திருப்பிவிடுங்கள். மேல்தோல் ஒரு நாள் காலையில் கிழிந்த பாலிதீன் போல உரிந்து மிதந்துகொண்டிருக்கும், அதை வலையால் எடுத்துப் போட்டுவிடுங்கள், சாயங்காலத்துக்குள் பாலிப் விரல் விரலாக வெளியே வரும்.